கண்ணாடியைக் கழற்றினால் ஓத முடிகிறதா? லேசருக்கு முன் யோசியுங்கள்



நாற்பது வயதைத் தாண்டிய சகோதர, சகோதரிகள் சிலர், "சின்ன வயதிலிருந்து கண்ணாடி போட்டு அலுத்துவிட்டது, லேசர் செய்துகொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். கண் அதற்கு ஏற்றதாக இருந்தால் செய்துகொள்ளலாம். ஆனால் 25 வயதில் செய்வதற்கும் 45 வயதில் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிட்டப்பார்வை என்பது மைனஸ் பவர். பக்கத்தில் உள்ளது தெரியும். தூரத்தில் உள்ளது மங்கும். வெள்ளெழுத்து வேறு. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் வயதாக ஆக இறுகிப்போகிறது. பக்கத்துப் பொருளைப் பார்க்க அதனால் வளைந்துகொடுக்க முடிவதில்லை. 40 வயதையொட்டி எல்லோருக்கும் இது தொடங்கும்.

மைனஸ் பவர் உள்ள பலருக்கு இது வந்ததே உறைப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துவிடுகிறார்கள். மைனஸ் 2.5 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமலே 40 செ.மீ. தூரத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். குர்ஆனை முன்னால் வைத்து ஓதும் தூரம் ஏறக்குறைய அதுதான்.

லேசர், கருவிழியின் வளைவை மாற்றித் தூரப்பார்வையைச் சரிசெய்கிறது. உள்ளே இறுகிய லென்ஸை அது இளக்குவதில்லை. ஆகவே இரண்டு கண்ணிலும் பவரை முழுவதும் நீக்கிவிட்டால், பஸ் போர்டு தெரியும்; குர்ஆன் எழுத்தும் மாத்திரை அட்டையும் ஊசியின் காதும் மங்கும். தூரக் கண்ணாடி போய், படிக்கும் கண்ணாடி வந்து சேரும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஒரு கண்ணைத் தூரத்திற்குச் சரிசெய்து, மறு கண்ணில் கொஞ்சம் மைனஸ் பவரை விட்டுவைப்பார்கள். பலருக்கு இது பழகிவிடும், சிலருக்கு ஒத்துவராது. இரவில் வண்டி ஓட்டும்போதும், பொடி எழுத்தைப் படிக்கும்போதும் கண்ணாடி தேவைப்படலாம். எனவே முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாட்கள் இப்படிப் பார்த்துப் பழக முடிகிறதா என்று சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

• என் கருவிழியின் தடிமனும் வடிவமும் லேசருக்கு ஏற்றவையா? கண்ணில் வறட்சி உண்டா?

• கண்புரை தொடங்கியிருக்கிறதா? தொடங்கியிருந்தால், புரை அறுவையில் வைக்கும் லென்ஸிலேயே பவரையும் சரிசெய்யலாம்.

• விழித்திரை நன்றாக இருக்கிறதா? அதிக மைனஸ் பவரால் விழித்திரைக்கு வரும் ஆபத்தை லேசர் நீக்குவதில்லை.

சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். லேசருக்கு முந்தைய அளவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் புரை அறுவைக்கு லென்ஸ் பவர் கணக்கிட அவை உதவும்.

சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. சுர்மா இடக் கூடாது. அந்த நாட்களில் உளூச் செய்யும் முறையை முன்கூட்டியே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ செய்யும் அளவுக்கு இது அவசர சிகிச்சை அல்ல. தூரத்திற்கும் படிக்கவும் சேர்ந்த ஒரே கண்ணாடி பலருக்குப் போதும். கண் அல்லாஹ் தந்த அமானிதம். நன்றாக விசாரித்து, நிதானமாக முடிவெடுங்கள்.