பிரேக்கின் ஒலிக்குறிப்புகள்

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் லோரியின் ஓசையைக் கேளாத தோட்டத்து மக்கள் இலர். 'கிறீச்சென்கிறது', 'கரகரவென்கிறது' என்று ஓட்டுநர் கூறுவனவற்றை ஆசிரியர்களாகிய நாம் ஒலிக்குறிப்பு என்றும் இரட்டைக்கிளவி என்றும் கற்பித்து அப்பால் செல்கிறோம். பட்டறைக்காரருக்கோ அவை நோயின் பெயர்கள்.

முதலில் கிறீச்சொலி. ஓய்ந்திருக்கும் பொருளை அசைக்கத் தடையாகும் உராய்வு, வழுக்கிச் செல்லும் பொருளின் உராய்வினும் மிகுதி. பிடிலின் வில் தந்தியைப் பற்றி, வழுக்கி, மீண்டும் பற்றுவதால் நாதம் பிறப்பது இதனாலேயாம். பிரேக்குக் கட்டையும் சுழலும் டிரம்மை அவ்வாறே பற்றியும் வழுக்கியும் வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது. இரும்பு டிரம் மணிபோல் நின்று அவ்வதிர்வைப் பெருக்குகிறது.

இம்மலையின் ஈரக் காலைகளில் டிரம்மில் மெல்லிய துரு படியும். நாலைந்து தடவை மிதித்ததும் ஓசை அடங்கின் கவலை வேண்டா. நாள் முழுதும் தொடரின், லைனிங் கண்ணாடிபோல் வழவழத்திருக்கலாம், தூசு அடைந்திருக்கலாம், கட்டையின் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம்.

வீட்டிலேயே சிறு விமானம் கட்டிப் பறப்போரையும் இவ்வொலி வருத்துகிறது. ஆனால் அங்கே காரணம் வேறாகவும் இருக்கலாம். தரையில் மெல்ல உருளுகையில் இலேசாகவே மிதிப்பதால், புதிய லைனிங் வேண்டிய அளவு சூடேறிப் பதப்படாமலே இருந்துவிடக்கூடும். ஆகவே புதிது பொருத்தியதும் சிலமுறை அழுத்திப் பிடித்துச் சூடேற்றி, பிறகு ஆறவிடுமாறு பிரேக்குச் செய்வோர் அறிவுறுத்துகின்றனர். நம் லோரிக்கோ சூடே பகை.

'கரகர' என்பது வேறு நோய். லைனிங் தேய்ந்து, அதனைப் பிணைத்த ஆணி டிரம்மை அறுக்கும் ஓசை அது. வண்டியை அப்பொழுதே நிறுத்திவிட வேண்டும். ஓசையை அடக்க எண்ணெய் விடுவாரும் உளர். அது பிரேக்கையே அடக்கிவிடும்.

எல்லாவற்றினும் கொடியது ஓசையே எழாத நிலை. 10 டன் லோரி சுமார் 1,400 மீட்டர் இறங்குகையில், அதன் ஆற்றல் முழுதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறுமாயின், 400 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வெப்பத்தில் லைனிங் உராய்வை இழக்கிறது. டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. எண்ணெய்ப் பிரேக்காயின் அவ்வெண்ணெயும் கொதித்து, மிதி ஆழ இறங்குகிறது. கிறீச்சொலி எழாது, வண்டியும் நில்லாது. பஹாங்கிலேயே கெந்திங் மலைச்சாலையில் 2013 ஆகஸ்டு 21ஆம் நாள் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டனர். விசாரணைக் குழு கண்ட காரணங்களுள் பிரேக்குப் பழுதும் ஒன்று.

இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கச் செய்வர் பழகிய ஓட்டுநர். எரிந்த நாற்றம் வருமாயின் ஒதுங்கி நின்று ஆறவிடல் வேண்டும். காய்ந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றலாகாது. இரும்பு வெடிப்புக் காணும்.