காத்திருக்கத் தெரியாத விதைகள்

பெருநதிகளின் கரையோரக் காடு, நீர் அருகில் இருப்பதால் மட்டும் தழைப்பதில்லை. ஆறு பெருகுவதும் வடிவதும் சேர்ந்தே அதை வளர்க்கின்றன. அமெரிக்காவில் தோன்றி மெக்சிகோ வழியாகக் கலிபோர்னியா வளைகுடாவை அடையும் கொலராடோ ஆற்றின் கழிமுகத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே இயல்பாக வளர்ந்துவந்த, பாப்ளர் இனத்தைச் சேர்ந்த காட்டன்வுட் மரமும் நம் ஆற்றுப்பாலைக்கு நெருங்கிய உறவான வில்லோவும் வசந்தத்தில் பஞ்சு ஒட்டிய விதைகளைக் காற்றில் பறக்கவிடுகின்றன. சில வாரங்களே உயிரோடிருக்கும் அவ்விதைகளுக்கு, வெள்ளம் அப்போதுதான் வடிந்த, வேறு செடியின் நிழல் விழாத ஈர வண்டல் அதற்குள் கிடைத்தாக வேண்டும். முளைத்த பிறகும், நிலத்தடி நீர்மட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை செ.மீ.க்கு மேல் விரைந்து இறங்கினால், வேர் அதைத் தொடர்ந்து செல்ல முடியாமல் கன்று காய்ந்துவிடும்.

1930களில் ஹூவர் அணையும், 1963இல் நீர் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணையும் இந்த ஒழுங்கைக் குலைத்தன. 1944ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் வரும் சுமார் 185 கோடி கன மீட்டர் நீரும் அநேகமாக முழுவதும் வாய்க்கால்களில் திரும்பி வயல்களுக்குப் போய்விடுகிறது. காலியான கரையை டாமரிஸ்க் என்னும் அயல்நாட்டுப் புதர் பிடித்துக்கொண்டது. உப்பைத் தாங்குவதும் கோடை முழுவதும் விதை உதிர்ப்பதும் அதன் பலம். அதை அழிக்க அமெரிக்காவில் 2001இல் ஒருவகை இலைவண்டு விடப்பட்டது. ஆனால் அருகிவரும் ஈப்பிடிப்பான் பறவை ஒன்று, வில்லோ கிடைக்காமல் அப்புதரிலேயே கூடு கட்டத் தொடங்கியிருந்தது. வண்டுகளை விடும் பணி 2010இல் நிறுத்தப்பட்டது. புதரைக் குற்றவாளியாக்குவது எளிது. அது வருவதற்கு இடம் விட்டது வற்றிய ஆறுதான்.

இரு நாடுகளும் 2012இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 2014 மார்ச் 23 முதல் எட்டு வாரங்களுக்குச் சுமார் 13 கோடி கன மீட்டர் நீர், விதை பறக்கும் பருவத்தைக் கணித்து, செயற்கை வெள்ளமாகத் திறந்துவிடப்பட்டது. பெரும்பகுதியை வறண்ட மணற்படுகை உறிஞ்சிக்கொண்டாலும், மே மாதத்தில் ஆறு கடலைத் தொட்டது; முன்கூட்டியே டாமரிஸ்க் அகற்றிப் பண்படுத்திய இடங்களில் காட்டன்வுட்டும் வில்லோவும் முளைத்தன. அகற்றாத இடங்களில் அந்த நீர் பழைய புதர்களையும் சேர்த்தே செழிக்கச் செய்தது.

2021இல் சுமார் 4.3 கோடி கன மீட்டர் நீர், வறண்ட படுகையைத் தவிர்த்துப் பாசன வாய்க்கால்கள் வழியாகச் சீரமைப்புத் தலங்களுக்கு நேரே அனுப்பப்பட்டது. இம்முறையில் நீர் வீணாவது குறைவு. எனினும் வாய்க்கால் நீர் புது வண்டலைப் பரப்பி விதைக்கு இடம் செய்து தருவதில்லை என்பதால், அத்தலங்களில் நாற்றங்காலில் வளர்த்த கன்றுகள் கையால் நடப்படுகின்றன.