கலீபா எழுதிய கடிதம்

காங்கேயம் என்றதும் காளை நினைவுக்கு வரும். அடுத்து தீரன் சின்னமலை நினைவுக்கு வருவார். காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர் அவர். மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சிவன்மலை அருகே மடக்கிப் பறித்தவர் என்று நம் பாட்டிமார்கள் கதை சொல்வார்கள்.

அதே சின்னமலை, பிறகு மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பக்கம் நின்று வெள்ளையரோடு போரிட்டார்.

அந்தக் கடைசிப் போருக்குச் சற்று முன்பு திப்புவுக்கு ஒரு கடிதம் வந்தது. "ஆங்கிலேயருடன் போர் வேண்டாம்" என்பது அதன் சாரம். எழுதியவர் யார் தெரியுமா? முஸ்லிம் உலகின் கலீபா என்று மதிக்கப்பட்ட துருக்கி சுல்தான் மூன்றாம் சலீம்!

பணயமாகப் போன பிள்ளைகள்

1792-ல் திப்பு தோற்றார். ராஜ்யத்தில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அது தீரும்வரை தம் மைந்தர் இருவரை ஆங்கிலேயரிடம் பணயமாக விட வேண்டியிருந்தது. பெரியவனுக்குப் பத்து வயது இருக்கும், இளையவனுக்கு எட்டு. 1794-ல்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள். பெற்ற மனம் எப்படித் தவித்திருக்கும்!

கோயம்புத்தூர்ச் சீமை மட்டும் மைசூர் வசமே இருந்தது. இழந்ததை மீட்கத் துணை தேடினார் திப்பு. பிரெஞ்சுக்காரரிடம் ஆள் அனுப்பினார். 1798-ல் மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு கவர்னர் அதை ஊரறிய அறிக்கையாக வெளியிட்டுவிட்டார். வந்து சேர்ந்த படையோ ஏறக்குறைய நூறு பேர்! ரகசியம் அம்பலமானதுதான் மிச்சம்.

அந்த ஆண்டு ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். எகிப்து துருக்கி சுல்தானுக்கு உட்பட்ட நாடு. அவருக்குக் கோபம் வராதா? செப்டம்பரில் திப்புவுக்கு எழுதினார். பிரெஞ்சுக்காரர் இஸ்லாத்தின் பகைவர், அவர்களுடன் சேராதீர், ஆங்கிலேயர் மீது குறை இருந்தால் சொல்லும், நான் சமரசம் செய்கிறேன் என்றார். கடிதத்தைக் கொண்டு சேர்த்தவர்களே ஆங்கிலேயர்தான். அவர்களுக்கு அது லாபம் அல்லவா!

நபிகள் செய்த உடன்படிக்கை

எதிரி சமாதானத்துக்கு இணங்கினால் நாமும் இணங்க வேண்டும். செய்த உடன்படிக்கையைக் காக்க வேண்டும். இது குர்ஆன் போதனை. 628-ல் நபிகள் நாயகம் தோழர்களுடன் மக்காவுக்கு யாத்திரை சென்றார். மக்காவாசிகள் வழி மறித்தார்கள். ஹுதைபியா என்ற இடத்தில் பத்தாண்டுச் சமாதானம் எழுதப்பட்டது. "இறைத்தூதர்" என்ற சொல்லையே எழுதக் கூடாது என்றனர் எதிர்த்தரப்பினர். தோழர்கள் கொதித்தனர். நபிகளோ அந்தச் சொல்லை நீக்கச் செய்தார். அவ்வாண்டு யாத்திரை நிறைவேறாமலே திரும்பவும் இசைந்தார்.

அதே சமயம், தாக்க வருபவனை எதிர்க்கவும் அம்மார்க்கம் இடம் தருகிறது. தாக்க வருபவன் யார் என்பதில்தான் கலீபாவும் திப்புவும் மாறுபட்டார்கள். எகிப்தைப் பறித்த பிரெஞ்சுக்காரன் என்றார் ஒருவர். பாதி ராஜ்யத்தைப் பறித்த ஆங்கிலேயன் என்றார் மற்றவர். ஐதராபாத் நிஜாமும் முஸ்லிம்தான். அவர் ஆங்கிலேயர் பக்கம். இந்துவான சின்னமலை திப்புவின் பக்கம். மதத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் விடை தப்பும்.

திப்புவும் குற்றமற்றவர் அல்ல. குடகிலும் மலையாளத்திலும் அவர் படைகள் செய்த கொடுமைகள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் கலீபாவுக்கு அவர் மரியாதையோடு பதில் எழுதினார். பிரெஞ்சுக்காரர் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆங்கிலேயர் தமக்கு இழைத்தவற்றையும் அடுக்கினார்.

அது 1799 பிப்ரவரி. சமரசத்துக்கு ஏது நேரம்? அதே மாதம் ஆங்கிலப் படை புறப்பட்டுவிட்டது. மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. கோட்டை வாயிலருகே பிணக்குவியலில் திப்புவின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போயிற்று. சின்னமலை ஊர் திரும்பி, ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1805-ல் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.