மலைக்குப் பின்னாடி சூரியன் போனா அது சன்செட் இல்லை!

மார்ச் மாதம் நாங்க நாலு பேர் செண்பகத்தோப்புக்குப் போனோம். சன்செட் போட்டோ எடுக்கணும், அதுதான் பிளான். போனில் அஸ்தமனம் 6.30 என்று காட்டியது. ஆனா 5.45-க்கே சூரியன் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னாடி போயிடுச்சு. சிவப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. கடுப்பாகி பையைக் கட்டிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து டீ குடிச்சுக்கிட்டே திரும்பிப் பார்த்தால், மலைக்கு மேலே வானமே செக்கச்செவேல்!

எங்க தப்பு என்ன? ரெண்டு விஷயத்தை ஒண்ணுன்னு நினைச்சதுதான்.

பின்லாந்துக்காரங்க இதுக்குத் தனித்தனி வார்த்தை வச்சிருக்காங்க. 'அவுரிங்கொன்லஸ்கு' என்றால் சூரியன் இறங்குவது. 'இல்த்தருஸ்கோ' என்றால் மாலைச் சிவப்பு. நம்மகிட்டயும் இருக்கு: எற்பாடு, செக்கர். 'எல்' என்றால் சூரியன், 'பாடு' என்றால் விழுவது. தொல்காப்பியம் நெய்தல் திணைக்குச் சொல்லும் பொழுது இந்த எற்பாடுதான். கடற்கரையில் ரெண்டும் சேர்ந்தே வரும். மலையடிவாரத்தில் பிரிஞ்சு வரும்.

'லஸ்கு'வுக்குக் கணக்கு என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அதனால ஒரு சின்னக் கணக்கு. மலை முகடு நீங்க நிற்கும் இடத்தைவிட 1 கி.மீ. உயரம், 5 கி.மீ. தூரம்னு வச்சுக்குங்க. கோணம் சுமார் 11 டிகிரி. நம்ம ஊரில் மார்ச்சில் சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தா, மணிக்கு 15 டிகிரி இறங்கும். அப்போ முக்கால் மணி நேரம் முன்னாடியே மறைஞ்சிடும். எங்களுக்கு நடந்தது அதேதான்.

சரி, சிவப்பு ஏன் அப்போ வரலை? 11 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஒளி கடக்கும் காற்று, தலைக்கு நேரே இருக்கும்போது கடப்பதைப்போல 5 மடங்குதான். உண்மையான அடிவானத்தில் அது கிட்டத்தட்ட 40 மடங்கு! காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறடிக்கும். இவ்வளவு தூரம் வந்தால் நீலம் வழியிலேயே காலி. மிஞ்சுவது ஆரஞ்சும் சிவப்பும்.

ஹெல்சின்கியில் ஜூன் மாதம் சூரியன் சாய்வா இறங்கி, அடிவானத்துக்குக் கீழே அதிகம் போகாமலே திரும்பிடும். ராத்திரி முழுக்க வெளிச்சம் மிச்சம் இருக்கும். நமக்கோ அரை மணி நேரம்கூடக் கிடைக்காது.

ஆனா சிவப்புக்காகக் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்துடாதீங்க. அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். மலை சூரியனை மறைச்சதும் கீழே இறங்கிடுங்க. ஊருக்கு வந்து மேற்கே திரும்பி நில்லுங்க. கேமராவை மட்டும் பைக்குள்ள போட்டுடாதீங்க!