இழப்பு மேல் இழப்பு. ஆனாலும் அச்சேறியது தமிழ்ப் புதிய ஏற்பாடு

தேவாலயங்களில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஜெயித்தவர்கள்தாம். "கடை நட்டத்தில் போனது, ஜெபித்தேன், இன்று இரண்டு கடை வைத்திருக்கிறேன்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நட்டத்தில் போன கடை போனதுதான் என்று ஆகிவிட்டவர், பின்வரிசையில் உட்கார்ந்து இதை எப்படிக் கேட்பார்?

அவருக்குச் சொல்ல ஒரு வாழ்க்கை இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற பெயர் அச்சு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாக வந்து போகும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை இழப்புகள் என்பதைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்த லுத்தரன் தமிழர்களுக்காக 1907இல் கோலாலம்பூரில் தொடங்கிய சபையின் வேரும் அவர் வேலை செய்த தரங்கம்பாடியில்தான் இருக்கிறது.

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். உடம்பும் நோஞ்சான். ஹாலே நகரில் இறையியல் படிக்கப் போனவர், நோயால் படிப்பைத் தொடர முடியாமல் திரும்பினார். இப்படிப்பட்ட ஒருவரைத்தான் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் மிஷன் பணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நண்பர் ஹென்ரிக் புளூட்சோவுடன் ஏழு மாதத்துக்கும் மேல் கப்பலில் வந்து, 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடி சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24 வயது.

கரையில் வரவேற்பு இல்லை. மன்னர் அனுப்பிய ஆட்கள் என்றாலும், அங்கிருந்த டேனிஷ் கோட்டைத் தலைவருக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரம் செய்யும் இடத்தில் போதகர்கள் எதற்கு என்பது கம்பெனிக்காரர்களின் எண்ணம்.

சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அகர வரிசை எழுதினார். தமிழர்கள் படிப்பறியாதவர்கள் என்ற எண்ணத்தோடு வந்தவர், சுவடிகளைப் படிக்கத் தொடங்கியதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். 1708க்குள் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேகரித்துப் பட்டியல் போட்டுவிட்டார். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் இவரே.

அதே 1708இல்தான் அடிகளும் விழுந்தன. ஐரோப்பாவில் நன்கொடையாகத் திரட்டி அனுப்பிய பணப்பெட்டி, கரை சேரும் நேரத்தில் படகு கவிழ்ந்து கடலோடு போயிற்று. நவம்பரில், ஓர் ஏழை விதவையின் வழக்கில் அவளுக்காகப் பேசப்போய்க் கோட்டைத் தலைவரின் கோபத்துக்கு ஆளானார். கைதுசெய்து, கோட்டைக்குள் சமையற்கட்டின் அனல் வீசும் அறையில் அடைத்தார்கள். நான்கு மாதம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எழுதும் பொருள்கள் கைக்குக் கிடைத்ததும் சிறைக்குள்ளேயே எழுதினார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார்.

எழுதியாயிற்று, அச்சிடுவது எப்படி? லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. அந்தக் கப்பலை பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டு, பயணம் தொடர்ந்தது. இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஒரே அச்சுக்காரரும் வழியில் இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து இறங்கியது! நல்ல வேளையாக, கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சுத்தொழில் தெரிந்திருந்தது.

தமிழ் எழுத்துருக்களை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் கைவசமிருந்த தாள் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க முடிவெடுத்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கினார்கள். தாள் தட்டுப்பாட்டுக்குப் பக்கத்துப் பொறையாறில் ஒரு காகித ஆலையே தொடங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது.

(இதை முதல் தமிழ் அச்சு நூல் என்று சிலர் மேடைகளில் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது.)

இந்த வாழ்க்கையில் துணிச்சல் எங்கே இருந்தது? கப்பல் ஏறியதில் மட்டும் இல்லை. பணம் மூழ்கியபோதும் பள்ளி நடத்தும் வேலை கையில் இருந்தது. அச்சு இல்லாத காலத்தில் எழுத்தர்களை வைத்து ஓலையில் படியெடுத்தார். பெரிய காரியம் தடைபடும்போதெல்லாம் அன்றைக்குச் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். ஹாலேயில் அவர் கற்ற விசுவாசமும் அப்படித்தான்: பலன் கடவுளுடைய கணக்கு, உழைப்பு நம்முடைய கணக்கு. கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் அந்த விசுவாசத்தில் இல்லை. பவுல் அப்போஸ்தலரும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தாம் பட்ட அடிகளையும் மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியதையும்தான் வரிசையாகச் சொல்கிறார்.

என் பார்வையில் சீகன்பால்குவுக்கு அதிகம் வலித்திருக்கக்கூடிய அடிகள் சொந்தப் பக்கத்திலிருந்தே வந்தன. தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர்களிடமே கேட்டும் நூல்களைப் படித்தும் 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த அவருடைய குரு பிராங்கே அதை அச்சிட மறுத்தார். புறமதத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்பவா பார்க்கிறார் என்பது அவருடைய வாதம். பிறகு கோப்பன்ஹேகனில் மிஷன் பணியைக் கவனித்த செயலாளர் வெண்ட், அப்போஸ்தலர்களைப் போல எளிமையாகப் பிரசங்கம் செய்வதை விட்டுக் கட்டடத்துக்கும் பள்ளிக்கும் ஏன் செலவு செய்கிறீர்கள் என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்தவரை அந்தக் கடிதம் உடைத்துப்போட்டது. 1719 பிப்ரவரி 23இல் இறந்தபோது அவருக்கு வயது 36. அதற்குச் சில மாதங்களுக்கு முன் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றிருந்தது. அதே ஆண்டு தரங்கம்பாடி வந்த பெஞ்சமின் சூல்ட்சே அதைத் தொடர்ந்து செய்து முடித்தார். குரு அச்சிட மறுத்த அந்தத் தெய்வங்கள் பற்றிய நூல் 1867இல் சென்னையில் வெளியானது.