சீருடைக்குள் ஓர் ஊர் – 11: அந்த ஒரு ‘தான்’

சேர்வராயன் மலையின் கொட்டச்சேட்டில் டிசம்பர் என்றால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். விடிந்தும் விடியாத வேளையிலேயே ஆட்கள் சாக்கும் கூடையுமாகத் தோட்டங்களுக்குள் இறங்கிவிடுவார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி கலையாமல் நிற்கும். அப்படியொரு காலையில், சாலையோர டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மதராஸ் ரெஜிமென்ட்டில் காலாட்படை வீரராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர், மற்றவரைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்றாவது ஆள் நான்.

ஆள்சேர்ப்பு முகாமுக்காகத் தினமும் மலைச் சாலையில் ஓடிப் பழகும் பையன் ஒருவன் வேர்வையோடு வந்து நின்றான். ஓட்டுநர் தோளில் கிடந்த பழைய பச்சை ஸ்வெட்டரைப் பார்த்ததும் அவனுக்கு ஆர்வம்.

“தாத்தா, நீங்களும் ஆர்மியா? எந்த ரெஜிமென்ட்?”

“ஏ.எஸ்.சி. தம்பி. சண்டையெல்லாம் ஒண்ணும் போடல. வண்டி ஓட்டினவன்தான்.”

பையனின் கண் உடனே காலாட்படைக்காரர் பக்கம் போய்விட்டது. அவரோ தம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னண்ணே அது, ‘தான்’? பனியில உக்காந்திருக்கிறப்ப உங்க வண்டி சத்தம் கேட்டா என்ன அர்த்தம் தெரியுமா? மண்ணெண்ணெய் வந்துடுச்சு, கடுதாசி வந்துடுச்சு, இன்னும் பத்து நாளைக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்.”

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை, டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஒரு ‘தான்’ என்னை விடவில்லை. போன வாரம் லங்கர் என்று படைவீரர்கள் சொல்லும் சமையற்கூடத்தைப் பார்த்தோம். அங்கிருந்து நேராகப் போர்முனைக்குப் போவதாகத்தான் திட்டம். அதற்கு முன் இந்த ‘தான்’ பற்றிப் பேசியாக வேண்டும் என்று தோன்றியது.

* * *

ராணுவத்துக்குள் ஆர்ம்ஸ், சர்வீசஸ் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படை போன்றவை ஆர்ம்ஸ். உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி., மருத்துவப் படை, ஆயுதக் கிடங்குகளைப் பராமரிக்கும் பிரிவு, வண்டி முதல் பீரங்கி வரை பழுதுபார்க்கும் இ.எம்.இ. ஆகியவை சர்வீசஸ். தாளில் இது வேலைப் பங்கீடு மட்டுமே. ஆனால் மனிதர்கள் கூடும் இடத்தில் பங்கீடு மெல்ல மெல்ல ஏணியாக மாறிவிடுகிறது. துப்பாக்கி பிடித்தவன் மேல்படி, ஸ்டீயரிங் பிடித்தவன் கீழ்ப்படி என்று யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். கீழ்ப்படியில் நிற்பவனும் ஒருநாள் அதை நம்பிவிடுகிறான். அந்த நம்பிக்கைதான் ‘ஓட்டினவன்தான்’ என்று வாயில் வருகிறது.

அவர் ஓட்டிய சாலை எது என்று கேட்டேன். ஸ்ரீநகரிலிருந்து லே. நடுவே சுமார் 11,500 அடி உயரத்தில் ஸோஜிலா கணவாய். அந்தக் காலத்தில் பனி விழுந்து கணவாய் அடைபட்டால் தரைவழியில் லடாக் துண்டிக்கப்பட்டுவிடும். அதனால் குளிர்காலம் முழுவதும் மேலே இருப்பவர்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, குண்டுகள் எல்லாம் கோடை மாதங்களுக்குள் ஏறிவிட வேண்டும். பல ஆண்டுகளாக அந்த ராணுவ லாரிகளின் வரிசை இந்தக் கணக்கில்தான் ஓடியது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். நம் குப்பனூர் இறக்கத்தில் எதிரே பஸ் வந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அவர் சிரித்தபடி சொன்னார்: “எறக்கத்துல பிரேக்க நம்பாதீங்க, கியர நம்புங்க.”

பிறகு, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார்.

“ஒரு தடவ தார்ப்பாய நான் சரியா கட்டல. வழியில மழை. மேல போய்ப் பிரிச்சா ரெண்டு மூட்டை அரிசி நனைஞ்சு போச்சு. அங்க இருந்த பசங்க ஒரு வார்த்தை சொல்லல. அதையே பரப்பி உலத்த ஆரம்பிச்சிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.”

மரியாதை என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மேலே இருந்தவர்கள் திட்டவில்லை, ஏனென்றால் அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். கீழிருந்து போனவர் தூங்கவில்லை, ஏனென்றால் அந்த அரிசியை யார் சாப்பிடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒருவர் வேலையின் கனத்தை மற்றவர் தன் தோளில் உணர்வது. இது இரண்டு பக்கமும் இருந்தால்தான் நிற்கும்.

* * *

இந்த உணர்வை ஒரு படைப்பிரிவு முழுவதும் வாழ்ந்துகாட்டிய கதை ஒன்று உண்டு. அதன் தலைவர் ஒரு தமிழர். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ராணுவ மருத்துவர். 1941 அக்டோபரில் பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். மருத்துவருக்கு ஏன் இந்த வேலை? அவருடைய படைப்பிரிவினர் குதிக்கப்போகிறார்கள். குதித்த இடத்தில் அடிபடுவார்கள். அடிபட்டவனுக்குக் கட்டுப்போட வேண்டியவன் அவனோடு குதித்தால்தானே முடியும்?

1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. ஐ.நா. சார்பில் பல நாடுகள் படை அனுப்பின. போரிடும் படையை அனுப்புவதில்லை என்று இந்தியா முடிவெடுத்து, அதற்குப் பதிலாக ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதுதான் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். ரங்கராஜ் தலைமையில் 346 பேர். அந்தப் போரின் களத்தில் இந்தியா நிறுத்தியது இந்தத் துணைப் பிரிவை மட்டுமே. நவம்பரில் அவர்கள் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள் அடங்கிய 27-வது காமன்வெல்த் பிரிகேடோடு இணைக்கப்பட்டார்கள்.

வந்து சில நாட்களுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. சீனப் படைகள் பெருவெள்ளமாக இறங்கின. டிசம்பர் தொடக்கத்தில் பியோங்யாங் நகரைக் காலி செய்ய உத்தரவு. கொடுங்குளிர். மருத்துவப் பிரிவிடம் சொந்த வண்டிகள் இல்லை. கருவிகளை அழித்துவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அறுவைக் கருவியும் மருந்தும் இல்லாத மருத்துவப் பிரிவு யாருக்கு என்ன செய்ய முடியும்? பின்வாங்கும் வழியெல்லாம் காயம்பட்டு விழப்போகிறவர்கள் இவர்களைத்தானே தேடுவார்கள்?

அவர்கள் கண்ணில் பட்டது ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சின், சில பெட்டிகள். பிரிவில் எஞ்சின் வேலை அறிந்த ஆட்கள் இருந்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர்? வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். நம் ஊரில் கூரை தீப்பற்றினால் கிணற்றிலிருந்து வீடுவரை வரிசை நிற்குமே, அதேபோல. கருவிகளை ஏற்றினார்கள், அடுப்பை மூட்டினார்கள், ரயிலைத் தெற்கு நோக்கி ஓட்டினார்கள். அவர்கள் ஆற்றைக் கடந்த சற்று நேரத்தில் பாலம் தகர்க்கப்பட்டது.

அந்த வாளி வரிசையை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அடுத்த கைக்குத் தண்ணீரை மாற்றும்போது ‘நான் டாக்டர், நான் சமையல்காரன், நான் கணக்கு எழுதுகிறவன்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

அடுத்த ஆண்டு, 1951 மார்ச் 23. சியோலுக்கு வடக்கே முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படைப்பிரிவு குதித்தது. 3,000-க்கும் மேற்பட்ட பாராசூட்டுகள் வானில் விரிந்தன. அவற்றில் 12 பாராசூட்டுகள் இந்திய மருத்துவக் குழுவினருடையவை. ரங்கராஜும் அவர்களில் ஒருவர். அடிபட்ட அமெரிக்க வீரனுக்கு, தன்னோடு ஒரே வானிலிருந்து குதித்த மனிதர் கட்டுப்போட்டார். அந்த மனிதரைப் பார்த்து அவன் ‘டாக்டர்தான்’ என்று குறைத்துச் சொல்லியிருப்பானா?

கொரியாவில் அவர்கள் இருந்த காலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தந்ததாகக் கணக்கு. படைவீரர்கள் மட்டுமல்ல, உள்ளூர் மக்களும் அதில் அடக்கம். ரங்கராஜுக்கு மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது. அது எதிரியின் முன் காட்டும் துணிச்சலுக்கான விருது, பரம் வீர் சக்ராவுக்கு அடுத்தது. சண்டைக்காரர்களுக்கு உரியது என்று நாம் எண்ணும் பதக்கம் ஒரு மருத்துவரின் மார்பில் ஏறியது. 2020 ஜூலையில், அந்த மாதத்துக்கான போர் நாயகராக அவரைத் தென்கொரிய அரசு அறிவித்தது. அவருடைய பழைய பிரிவு 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போதும் போய் இஸ்கெண்டெருன் நகரில் மருத்துவமனை அமைத்தது.

* * *

நமக்கு நெருக்கமான இன்னொரு பட்டியலைப் பார்ப்போம். 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே இருந்த சோனம் காவல்சாவடி பனிச்சரிவில் புதைந்தது. உள்ளே 10 பேர். 19-வது மதராஸ் பட்டாலியனின் சாவடி அது. வேலூர், மதுரை, தேனி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த நான்கு தமிழர்கள். மற்றவர்கள் கர்நாடகம், கேரளம், ஆந்திரம். பத்தாவது ஆள் மராட்டியர். சதாரா மாவட்டத்துக்காரர், பெயர் சுனில் சூர்யவன்ஷி, மருத்துவப் படையின் நர்சிங் அசிஸ்டென்ட்.

தென்னிந்தியர்களின் சாவடியில் ஒரு மராட்டியர் ஏன்? அந்த உயரத்தில் காற்று மெலிந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், விரல்கள் பனியில் கருகும். ஹெலிகாப்டர் வருவதற்கு வானிலை இடம் கொடுக்க வேண்டும். அதுவரை உயிரைப் பிடித்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கீழே முகாமில் காத்திருந்து பயனில்லை. அவர்களோடு ஏறி, அவர்கள் உண்டதை உண்டு, அவர்கள் படுத்த இடத்தில் படுத்தாக வேண்டும். சூர்யவன்ஷி அப்படித்தான் படுத்தார். பனிச்சரிவு துப்பாக்கிக்காரர், மருந்துக்காரர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மீட்புக்குப் போனவர்கள் பாறைபோல் இறுகிய பனியை நாள்கணக்கில் வெட்டினார்கள். டாட், மிஷா என்ற இரண்டு மோப்ப நாய்களும் அவர்களோடு இருந்தன. ஆறாம் நாள், 25 அடிக்கும் அதிகமான பனிக்கு அடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே வேண்டியது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார்.

அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வந்தது. நம் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஊர் எடுத்தனூர். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் அது. கால்நடைக்காக நடந்த தொறுப்பூசலில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. அவன் உருவத்தோடு அவனுடைய நாயும் அதில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரு கள்ளரைக் கடித்தது என்பதும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வீரன் பெயரைப் பொறித்துவிட்டு ‘மற்றது நாய்தானே’ என்று அந்த ஊரார் விட்டுவிடவில்லை. கூட நின்றவர் பெயரைக் கல்லில் எழுதத் தெரிந்த மக்கள் நாம்.

* * *

தமிழில் ‘தான்’ ஒரு விசித்திரமான சொல். ‘ஓட்டினவன்தான்’ என்று பின்னால் ஒட்டினால் ஆளைச் சிறுத்துப்போகச் செய்யும். அதையே பெயரோடு சேர்த்து ‘இவர்தான் ஓட்டினார்’ என்று சொன்னால் முடிசூட்டிவிடும். சொல் ஒன்றே, அது நிற்கும் இடம் வேறு. அதைச் சரியான இடத்தில் வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் முன்வரிசைக்காரர் கையில் இருக்கிறது. ஊர் அவர் பேச்சைத்தான் கேட்கிறது. பின்வரிசைக்காரர் கையில் இருப்பது இன்னொன்று: தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டுவது, கட்டத் தவறிய இரவில் தூங்காமல் இருப்பது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது வெறும் உபசாரம் ஆகிவிடும்.

பத்து நாள் கழித்து அதே டீக்கடைக்குப் போனேன். காலாட்படைக்காரர் வரவில்லை. ஓட்டுநர் மட்டும் மிளகு மூட்டை ஏற்றிய ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பையன் ஓடி வந்தான். இம்முறை கூடவே இன்னொருவன். மூச்சு வாங்க நின்று, ஓட்டுநரைக் கண்ணால் காட்டிக் கூட்டாளியிடம் தணிந்த குரலில் சொன்னான்:

“டேய், இவருதான்டா லே ரோட்டுல வண்டி ஓட்டினவரு.”

(தொடரும்)

அடுத்த வாரம்: மதராஸ் சாப்பர்களை ராணுவமே ‘தம்பி’ என்று அழைப்பது ஏன்? 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில், பாதி மட்டுமே கண்ணிவெடி அகற்றிய நிலத்தின் வழியே டாங்கிகள் புறப்பட்ட இரவு.