மஞ்சளும் பேடெண்டு வக்கீலும்

வெட்டுக்காயத்தில் மஞ்சள் தூளை அப்பும் வழக்கத்தை நம் நாட்டில் அறியாதார் இல்லை. அங்ஙனமிருந்தும், காயத்தை ஆற்ற மஞ்சளை உபயோகிக்கும் முறைக்கு, 1995-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதிக்குப் பேடெண்டு வழங்கினர். பேடெண்டு என்பது, புதிதாய்க் கண்டறிந்த பொருளையோ முறையையோ குறித்த காலம்வரை பிறர் கையாளாதவாறு தடுக்கும் உரிமையாகும்.

பழைய வழக்கம் புதியதென்று கருதப்பட்டது எவ்வாறு? அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அயல்நாட்டில் கைப்பழக்கமாக மட்டும் வழங்கிவந்த அறிவு கணக்கில் வராது. அச்சேறிய நூலே சாட்சியம். இவ்விதி 2013-ல்தான் மாறியது.

இத்தகைய விவகாரங்களை நடத்துபவரே பேடெண்டு வக்கீல். இவர் சட்டம் மட்டும் கற்றவரல்லர். ரசாயனம், தாவர சாஸ்திரம், இயந்திர நூல் முதலியவற்றுள் ஒன்றில் தேர்ந்து, பின்னர் சட்டத்தில் புகுபவர். அமெரிக்காவில் இரண்டு துறையிலும் தகுதி பெற்றாலன்றி இப்பெயர் கிடையாது. இந்தியாவில் பேடெண்டு ஏஜெண்டாகப் பதிவுபெற, பொதுவாக விஞ்ஞானத்திலோ இஞ்சினீரிங்கிலோ பட்டமும், அதற்கென நடக்கும் பரீட்சையில் தேர்ச்சியும் வேண்டும்; சட்டப் பட்டம் கட்டாயமன்று.

இவர் தொழிலின் உயிர்நிலை, உரிமைக்கூற்று எனப்படும் சில வாக்கியங்களே. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எப்படியோ, பேடெண்டில் இவை அப்படி. எல்லையை அகலப்படுத்தினால் முன்னரே பிறர் அறிந்தது உள்ளே வந்துவிடும்; அப்பொழுது உரிமை நில்லாது. மிகக் குறுக்கினாலோ, அயலான் சற்றே விலகி நடந்து தப்பிவிடுவான். எதிர்த்து வாதிப்பவரும் அவ்வெல்லைக்குள்ளேயே பழைய சான்றைத் தேடவேண்டும்.

இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1996-ல் மறுபரிசீலனை கோரியபொழுது இதையே செய்தது. சமஸ்கிருத, உருது, ஹிந்தி நூல்கள் உட்பட 32 ஆதாரங்கள் தாக்கலாயின. அவற்றுள் 1953-ல் இந்திய வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையும் ஒன்று. கோடிக்கணக்கான பாட்டிமாரின் அநுபவம் சாதியாததை அச்சிட்ட சில பக்கங்கள் சாதித்தன என்பது விந்தையே. 1997-ல் பேடெண்டு தள்ளுபடியாயிற்று.

இதன் பயனாகவே, சித்த வைத்தியம் உள்ளிட்ட நம் பழைய முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம் முதலிய ஐந்து பாஷைகளில் தொகுக்கும் வேலை 2001-ல் துவங்கியது. அயல்நாட்டுப் பேடெண்டு பரிசோதகர்கள் அத்தொகுப்பைப் பார்வையிடலாம்.

இந்தியாவில் 1970-ம் வருஷத்துப் பேடெண்டு சட்டப்படி சாகுபடி முறைக்கும், விதைக்கும், பரம்பரை அறிவுக்கும் பேடெண்டு கிடையாது. புதிதாய் அமைத்த களையெடுக்கும் கருவி போன்றவற்றிற்குக் கிடைக்கும்; காலம் 20 வருஷம். ஆனால் கருவி செய்த விவசாயிகள் பலர் அதை முதலில் சந்தையிலோ பொருட்காட்சியிலோ காட்டிவிடுகின்றனர். அதனால் புதுமை போய்விடக்கூடும். சென்னையிலுள்ள பேடெண்டு ஆபீஸில் தற்காலிக விவரணத்துடன் முன்னதாகவே மனுச் செய்துகொண்டால், முழு விவரணத்தைச் சேர்ப்பிக்க 12 மாதம் அவகாசம் உண்டு.